இருதய ஆண்டவர் விளக்கும் முப்பது மில்லி ஆம்பியரும்

எங்கள் வீட்டில் தரைக்குக் கீழே ஒரு தளம் இருக்கிறது. அதை நாங்கள் தோண்டவில்லை. கடலூர் செம்மண்டலத்தில் என் மாமனார் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோதும் ஏறித்தான் வந்தேன். அதற்குப் பிறகு ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். முதலில் ஒரு படி காணாமல் போனது. பிறகு இன்னொன்று. பிறகு வாசலும் ரோடும் ஒரே மட்டமாயின. இப்போது நான்கு படி இறங்கித்தான் கீழ் வீட்டுக்குள் போகவேண்டும். உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, செருப்புதான் தெரியும்.

விருந்துக்கு வருகிறவர்கள் "ஓ, பேஸ்மென்ட் எல்லாம் வச்சு கட்டியிருக்கீங்களா?" என்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் சிலர் "வீடு இறங்கிடுச்சு போல" என்று பரிதாபப்படுவார்கள். வீடு எங்கேயும் இறங்கவில்லை ஐயா. கட்டின இடத்தில் அப்படியே நிற்கிறது. ஏறியது ரோடு. ஒருமுறை ரோடு போட வந்த மேஸ்திரியிடம், "இப்படியே ஏத்திக்கிட்டே போனா நாங்க எங்க போறது?" என்று கேட்டேன். "நீங்களும் வீட்ட ஏத்திக்கோங்கம்மா, இப்பதான் ஜாக்கி வச்சு தூக்குறாங்களே" என்றார். கிண்டலுக்குச் சொன்னாரென்றால்கூடப் பரவாயில்லை. அந்த மனிதர் உண்மையாகவே யோசனை சொன்னார்.

கீழ்த்தளத்தில் இருப்பவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. கல்யாணம் ஆகவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பார். ஆனால் மோட்டார் வைத்த தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ரவிக்கை தைப்பதில் இந்தப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாடி கட்டி நானும் கணவரும் மேலே போனபோது அவரையும் கூப்பிட்டோம். "நான் படியேறி வர்றதுக்குள்ள கிறிஸ்மஸே வந்துடும், போங்க" என்று சொல்லிவிட்டார். துணி கொடுக்க வருகிறவர்கள் தெருவிலிருந்து நேரே வருவது கீழ்த்தளத்துக்குத்தான். மாமனார் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி மாட்டிய இருதய ஆண்டவர் படமும் அங்கேதான் இருக்கிறது. சாயங்கால ஜெபம் அங்கேதான். அலுமினியச் சட்டம் போட்ட பெரிய படம். சட்டத்தின் கீழ்ப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு பல்பு. அது இரவும் பகலும் எரியும். அதை அணைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

போன வருட மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுக்க அந்த நான்கு படியில் இறங்கி உள்ளே வந்தது. பிளக் பாயின்ட் முங்கியது. தண்ணீரை இறைத்துக் கொட்டிய பிறகும் சுவர் காயவே இல்லை. அதற்கப்புறம்தான் தையல் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று பிடிக்க ஆரம்பித்தது. என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போய் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். "மெஷினத் தொடுறப்ப இத போட்டுக்க அக்கா" என்றார். பிரச்சினை தீர்ந்துவிட்டது. இதை இவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. ஷாக் அடிக்கிற ஃப்ரிட்ஜைச் சரி செய்ய மாட்டார்கள். அதற்குச் செருப்பு வாங்கி வைப்பார்கள். வருகிற விருந்தாளியையும் "செருப்பு போட்டுக்கிட்டு திறங்க" என்று உபசரிப்பார்கள்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். பிள்ளைகளுக்கு சர்க்யூட் கட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. மின்சாரம் எந்த வழியாக உடம்புக்குள் போய் எந்த வழியாகத் தரைக்கு இறங்கும் என்று பகலெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருவரை நான் பார்க்க வேண்டும். சொன்னால் கணவர் "உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம் ஜாஸ்தி" என்பார்.

ஆகவே கீழ்த்தளத்துக்கு வயரிங்கை முழுவதும் மாற்றுவது என்று நானே முடிவு செய்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். முதலில் மீட்டரும் பிரேக்கர் பெட்டியும் மாடிப்படியின் திருப்பத்துக்கு ஏற வேண்டும், தண்ணீர் எத்தனை ஏறினாலும் எட்டாத உயரத்துக்கு. கீழே லைட்டுகளுக்குத் தனி லைன், ஆறு ஆம்பியர் பிரேக்கர். மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் தனி லைன், பதினாறு ஆம்பியர். மாடிக்குத் தனி. கீழே அணைந்தால் மேலே எரியவேண்டும், மேலே அணைந்தால் கீழே எரியவேண்டும். பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு. தரையோடு ஒரு வயரும் ஓடக்கூடாது. கீழ்த்தளத்து லைன்கள் இரண்டுக்கும் முன்னால் ஓர் ஆர்.சி.சி.பி., முப்பது மில்லி ஆம்பியர்.

இந்தக் கடைசிச் சாமான்தான் முக்கியம், அதனால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண பிரேக்கர் வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்றுவது இது. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், அது யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று தெரிந்து கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் யாருக்குப் புரியவைப்பது? எங்கள் எலெக்ட்ரீஷியன் என் கணவரின் அத்தை மகன். என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் பங்குக் கோவில் திருவிழாவுக்குத் தேருக்கு சீரியல் செட் போடுவது அவர்தான். சொந்தக்காரரை விட்டுவிட்டு வெளியாளைக் கூப்பிட்டால் அத்தை வீட்டோடு பேச்சே நின்றுவிடும். அவர் என் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை என்னிடம் கொடுக்காமல் என் கணவரிடம் கொடுத்தார்.

"என்னா மச்சான், ஒரு ரூமுக்கு இத்தினி பிரேக்கரா? நான் ஒரே ஒரு மெயின் போட்டு கச்சிதமா முடிச்சுத் தர்றேன்."

"நீயே சொல்லு மச்சான். அது காலேஜ்ல பாத்துட்டு வந்து சொல்லுது."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் காபி டம்ளர் இருந்தது. அவருக்காகப் போட்ட காபி.

சாமான் வாங்கச் சிதம்பரத்தில் கடைக்குப் போனேன். ஒன்றரை ஸ்கொயர் வயர், இரண்டரை ஸ்கொயர் வயர், பிரேக்கர்கள், பெட்டி என்று கேட்டதும் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா?" என்றார். எந்த சார் என்று கேட்டேன். "இல்லம்மா, எலெக்ட்ரீஷியன் நம்பர் இருந்தா குடுங்க, அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன். ஆர்.சி.சி.பி. எல்லாம் சும்மா டிரிப் ஆயிக்கிட்டே இருக்கும், அப்புறம் திருப்பிக் கொண்டாருவீங்க." நான் முப்பது மில்லி ஆம்பியர் என்றால் என்ன என்று அவருக்கு அந்தக் கவுன்டரிலேயே பாடம் எடுத்தேன். பின்னால் நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வயர் சுருள்களை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் வரை வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டபோது அவர் மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வேலை நடந்தது. ஒவ்வொரு பாயின்டுக்கும் பக்கத்தில் நின்றேன். அத்தை மகன் முணுமுணுத்துக்கொண்டே நான் சொன்னபடி செய்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இருதய ஆண்டவர் படம் மாட்டிய சுவரைக் கொத்த அண்ணி விடவில்லை. "அது அப்பா வச்ச பீடம். அதுல உளி பட்டா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்." மாமனார் காலத்து வயர் ஒன்று அந்தச் சுவருக்குள் ஓடி, படத்துச் சட்டம் வரை வந்து பல்பில் முடிகிறது. சரி, அதுவும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் தானே இருக்கிறது, கெட்டுப்போயிருந்தால் அது காட்டிக்கொடுக்கும் என்று விட்டேன்.

காட்டிக்கொடுத்தது. முதல் வாரத்திலிருந்தே கீழ்த்தளம் சாயங்காலங்களில் அணைய ஆரம்பித்தது. நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற நேரம். வீட்டுக்குள் நுழையும்போதே புகார் காத்திருக்கும். கணவர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் முடிந்து சீக்கிரமே வந்துவிடுவார். அக்காவும் தம்பியும் ஜெபத்துக்கு நிற்பார்கள். அணைந்துவிடும்.

"கரெக்டா ஜெபத்துலதாம்மா அணையுது" என்றார் அண்ணி. "மெஷின் ஓடுறப்ப அணையல, இஸ்திரி போடுறப்ப அணையல. ஜெபம்னா மட்டும் அதுக்கு ஆவல. பிசாசு புடிச்ச பெட்டி."

"அந்த நேரத்துல என்னா போடுறீங்க அண்ணி? எந்த சுவிட்ச்ச தட்டுறீங்க?"

"ஒண்ணும் தட்டல. ஜெபம் முடிச்சு, படத்துக்கு முத்தி குடுக்கறேன். அவ்ளோதான்."

எனக்குச் சந்தேகம் அந்தப் பழைய வயர் மேல்தான். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள் என்றேன். அண்ணி என்னை வேதத்தை மறுதலித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அந்த லைட்டு அணையக்கூடாது" என்றார். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்கு நானே கழற்றுகிறேன், யார் தடுத்தாலும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை வருவதற்குள் அணைவது நின்றுவிட்டது. "மச்சான் வந்தாரு, ஏதோ ஸ்க்ரூ லூசா இருந்துச்சாம், டைட் பண்ணிட்டாரு" என்றார் கணவர். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்க்ரூ எப்படி ஜெப நேரம் பார்த்து லூசாகும்? "அணைஞ்சாலும் திட்டுற, அணையலன்னாலும் திட்டுற. உனக்கு என்னாதான் வேணும்?" என்று கத்தினார். சனிக்கிழமை பெட்டியை வெளியிலிருந்து பார்த்தேன், எல்லாம் நான் வைத்தபடியே இருந்தது. அண்ணியோ பீடத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அசைவதாக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் நான் நேராகப் படித் திருப்பத்துக்குப் போனேன். ஆர்.சி.சி.பி.யில் ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் அது தன்னைத் தானே சோதித்துக்கொண்டு அணைய வேண்டும். அழுத்தினேன். டப் என்று விழுந்தது. சாரலுக்காக ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததால் கீழ்த்தளம் முழுக்க இருட்டானது. சரிதான், வேலை செய்கிறது என்று கீழே இறங்கினேன்.

இருட்டில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா" என்றார் அண்ணி மெதுவாக, சிலுவை போட்டுக்கொண்டு. "எல்லாம் அணைஞ்சும் அவருக்கு அணையல பாத்தியா."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அங்கிருந்தே அத்தை மகனுக்குப் போன் போட்டேன்.

"தங்கச்சி, டென்ஷன் ஆவாத" என்றார் அவர். "உங்க நாத்தனாருதான் அது மட்டும் அணையாம இருக்கணும்னாங்க. சாமி வெளக்குக்கு எதுக்கும்மா பிரேக்கரு? மெயினுக்கு முன்னாடியே ஒரு லைன் இழுத்து அதுக்கு டைரக்டா குடுத்துட்டேன். இப்ப உன் பெட்டியும் டிரிப் ஆவல, அவுங்களுக்கும் நிம்மதி."

உலகத்தில் இப்படி ஒரு மூளை உண்டா? வீட்டில் கெட்டுப்போன வயர் ஒன்றே ஒன்று. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு பெட்டி. இவர் என்ன செய்கிறார், கெட்ட வயரை அப்படியே வைத்துக்கொண்டு அதை மட்டும் பெட்டியின் கண்ணில் படாமல் வெளியே எடுத்துவிடுகிறார். அதையும் பக்தியோடு செய்கிறார். கூலி வாங்கவில்லையாம், சாமி காரியமாம்.

என் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அந்த அலுமினியச் சட்டத்தில் வைத்தேன். டெஸ்டருக்குள் ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது. சட்டம் முழுக்க, மூலைக்கு மூலை, எங்கே வைத்தாலும் எரிந்தது. அப்போதுதான் என் கண் தரைக்குப் போனது. பீடத்துக்கு இரண்டு அடி தள்ளி, நீல வார் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

ஆண்டவர் முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பார்களா? நாள் முழுவதும் செருப்பு போட்டுக்கொண்டு மெஷின் ஓட்டுகிறவர், சாயங்காலம் ஜெபத்துக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, கரண்டு பாய்கிற சட்டத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்கிறார். அதனால்தான் ஜெபத்தில் மட்டும் அணைந்தது. பெட்டி ஒவ்வொரு சாயங்காலமும் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, நாங்கள் அதற்குப் பிசாசு என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த இரண்டு நாளாக அதுவும் இல்லை. தரை ஓரளவு காய்ந்திருந்ததால் பிழைத்தார்.

"அண்ணி, தொடுறப்ப ஒண்ணும் தெரியலியா உங்களுக்கு?" என்று கத்தினேன். "சுள்ளுன்னு பிடிக்கலியா?"

என் கணவர் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர்தான் சொன்னார்: "அக்காவுக்கு சிலிர்க்குமாம். போன மழைக்கு அப்புறம் படத்த தொட்டா உடம்பே சிலிர்க்குதுன்னு சொல்லும். அன்பியத்து ஜெபக் கூட்டத்துலகூட சொல்லிச்சு. ரெண்டு மூணு பேரு வந்து தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க."

பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்திலிருந்து ஆட்கள் வந்து, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாக ஷாக் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, இது கரண்டாக இருக்குமோ என்று தோன்றவில்லை. மெஷினில் பிடித்தால் ஷாக், படத்தில் பிடித்தால் அருளா? நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கணவரை, அத்தை மகனை, ரோடு போட்டவர்களை, அந்தச் சிதம்பரம் கடைக்காரரைக்கூட விடவில்லை. மீட்டர் பக்கத்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு, அந்த டைரக்ட் லைனை வேரோடு பிடுங்கினேன். படத்தை இறக்கி, பல்பையும் பழைய வயரையும் கழற்றி எறிந்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

அண்ணி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் பேசி ஓய்ந்த பிறகு, "அப்ப நான் இத்தினி நாளா தொட்டது கரண்டையா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நான் தெனமும் ஏதாவது கேப்பேன். கேட்டுட்டு தொடுவேன். சிலிர்க்கும். சரி, கேட்டுட்டாருன்னு நெனச்சுக்குவேன்." தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்த வீட்ல எனக்குப் பதில் சொன்னது அது ஒண்ணுதான்."

என் கோபம் போக வழி தெரியாமல் நின்றது. எனக்கு அழுகை வந்தது, அதற்கும் கோபம் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவரிடம் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினேன் என்று யோசித்தால், வயரிங்கைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

மறுநாள் சிதம்பரத்திலிருந்து வரும்போது பேட்டரியில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கி வந்து படத்துக்குக் கீழே வைத்தேன். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெபம் நடந்தது. முத்தி செய்தார். கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார். மெஷினுக்குப் போய்விட்டார். அத்தை மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். தங்கச்சி வாய் ஜாஸ்தி என்று ஊரெல்லாம் சொன்னாராம். சொல்லட்டும். கணவர் மட்டும் எப்போதாவது, "ஒரு சின்ன விஷயத்த இவ்ளோ பெருசு பண்ணிட்ட" என்பார். சின்ன விஷயமாம்.

பிறகு மழை வந்தது. அன்றைக்குக் கல்லூரியை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஆனாலும் பஸ் நகரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டால் போகவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு, அங்கே கரண்டு இருக்கிறதாம், தெருவில் முழங்கால் தண்ணீராம் என்று சொன்னார். கரண்டு இருக்கிறதாம் என்ற வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது. மழை என்றாலே லைனை நிறுத்துகிறவர்கள் இன்றைக்கென்று நிறுத்தவில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து அத்தை மகன் வந்திருப்பாரோ? இவர் கூப்பிட்டிருப்பாரோ? அண்ணியே ரகசியமாகக் கேட்டு அந்த லைனை மறுபடி போடச் சொல்லியிருப்பாரோ? அவர் முகத்தில் இருந்த ஏக்கத்துக்கு அதையும் செய்யக்கூடியவர்தான். பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது அந்தத் தரைதான்.

எங்கள் தெருவுக்குள் ஓடி வந்தபோது மாடியில் வெளிச்சம் இருந்தது. கீழே இருட்டு. ரோட்டுத் தண்ணீர் நான்கு படியிலும் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தால், படித் திருப்பத்தில் என் கணவர் ஒரு கையில் டார்ச்சோடு நிற்கிறார். மறு கையின் கட்டைவிரல் ஆர்.சி.சி.பி.யின் சுவிட்ச் மேல் இருக்கிறது. மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் டார்ச் கீழே விழுந்தது.

"அக்கா தண்ணியில இருட்டுல நிக்குது, நீ தொடாதங்கற!" அவரும் கத்தினார். "எத்தினி தடவ தள்ளிட்டேன், நிக்கவே மாட்டேங்குது. தள்ளத் தள்ள வுழுந்துடுது. என்னா எழவு பெட்டி இது!"

தள்ளத் தள்ள விழுந்திருக்கிறது. தண்ணீரில் அக்காவை நிற்க வைத்துவிட்டு, தம்பி பாசத்தோடு மறுபடி மறுபடி கரண்டைக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அது மறுபடி மறுபடி முடியாது என்று சொல்லியிருக்கிறது. அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான்.

நான் அதன் மேல் என் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "அண்ணி!" என்று கீழே பார்த்துக் கூப்பிட்டேன். பேட்டரி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் அவர் தெரிந்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். வழக்கம்போல் வெறுங்கால். ஒரு கை ஈரச் சுவரில், இன்னொரு கை படத்துச் சட்டத்தில். பிளக்கைப் பிடுங்காத மெஷினின் கால் பெடல் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. நீல வார் செருப்பு ஒன்று மெஷினைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"எதுக்கு இப்புடி கத்துறீங்க ரெண்டு பேரும்?" என்றார் அண்ணி. "நான் ஜெபத்துல இருக்கேன். தைக்கக் குடுத்த துணியெல்லாம் அலமாரி மேல ஏத்திட்டேன்."

கீழ்த்தளத்து பிரேக்கர் இரண்டையும் இறக்கிவிட்டு, நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அவர் சட்டத்திலிருந்து விரலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். பிறகு முழங்கையை என் பக்கம் நீட்டினார்.

"இங்க தொட்டுப் பாரு. கரண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிலிர்த்திருக்குதா இல்லியா? இப்ப என்னா சொல்ற?"

தண்ணீர் சில்லென்று இருக்கிறது அண்ணி, அதனால்தான் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன். சிலிர்த்துத்தான் இருந்தது. ஆமாம் அண்ணி என்றேன்.